நாயை வாங்குவதா, பழக்குவதா? பட்டாளத்தாருக்கான உதவி நாய்க்கு ஊர்ப் பணம் திரட்டும் முன்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் முன்னாள் படைவீரர் குழு வரும் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. போர்முனையிலும் கிளர்ச்சிப் பகுதிகளிலும் பணியாற்றித் திரும்பி, ஆண்டுகள் பல கழிந்தும் இரவில் உறங்க முடியாமல் தவிக்கும் தோழர்களுக்குப் பயிற்சி பெற்ற உதவி நாயை ஊர்ப் பணம் திரட்டி ஏற்பாடு செய்வது என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டோம். எந்த வழியில் செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பயிற்சி முடிந்த நாயை வெளியிலிருந்து விலைக்கு வாங்கலாம் என்கிறார் ஒருவர். நாயோடு வாரம் ஒருமுறை வீடு வீடாகச் சென்று பார்த்துவரும் ஏற்பாடே போதும் என்கிறார் இன்னொருவர். அன்பாக வளர்க்க ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தைச் சிகிச்சைக்குச் செலவிடலாம் என்பது மூன்றாவது கருத்து. குட்டியை இங்கேயே, நோயுற்றவர் கையாலேயே பழக்கலாம் என்பது நான்காவது. குழுவின் கணக்கை எழுதுபவன் என்ற முறையில் நான்கையும் எடைபோட்டுப் பார்த்து என் கருத்தை இங்கே வைக்கிறேன்.

நாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் நோயைச் சொல்ல வேண்டும். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய்) என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த நோய், 1980ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இந்தப் பெயரோடு இடம்பெற்றது. நம் பக்கத்தில் இதற்குப் பெயர் கிடையாது. "பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஆளே மாறிப்போனார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள். உயிரோடு திரும்பிய ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். தமிழ் பேசும் மண்ணில் துப்பாக்கியோடு நின்று, தமிழில் அழுத குரல்களைக் கேட்டுத் திரும்பியவர் அவர். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கொடைத் திருவிழா என்றால் சாமத்தில் அதிர்வேட்டு போடாமல் இருக்க மாட்டார்கள். முதல் வேட்டுக்கே அவர் கட்டிலைவிட்டு எழுந்து, வளவுக் கிணற்றடியில் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஒரு கொடையிரவில் நானும் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். நையாண்டி மேளம் அவரை ஒன்றும் செய்யவில்லை. மேளம் நின்று வேட்டுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிட அமைதியில்தான் அவருடைய கைகள் நடுங்கின.

இப்படிப்பட்டவருக்கு நாய் செய்யக்கூடிய வேலைகள் திட்டமானவை. கெட்ட கனவில் உடல் புரளத் தொடங்கியதும் மூக்கால் கையை முட்டி எழுப்பும். கயிறு கட்டிய சுவிட்சை இழுத்து விளக்கைப் போடும். படபடப்பு ஏறும்போது மடியில் முன்னங்கால்களையும் நெஞ்சையும் அழுத்திப் படுத்து, கவனத்தைத் தன் பக்கம் திருப்பும். ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று, பின்னால் வருகிறவருக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளியை உண்டாக்கும். இத்தகைய வேலைகளுக்குப் பழக்கப்பட்டால்தான் அது உதவி நாய். ஆறுதலுக்காக உடன் இருப்பது துணை நாய். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கடைக்கும் உணவகத்துக்கும் உடன் செல்லும் உரிமை முதல் வகைக்கு மட்டும்தான் உண்டு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருந்தாலும், உதவி நாய்க்கென்று தனிப் பிரிவு எதையும் தரவில்லை. பேருந்தில் ஏறுவது நடத்துநரின் மனத்தைப் பொறுத்தது. இரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் கூபே என்னும் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது கார்டு பெட்டியில்தான் போக வேண்டும். ஆகவே நம் ஊரில் உதவி நாயின் வேலையில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளும் தெருவிலும்தான் நடக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை மறந்துவிடக் கூடாது.

விலைக்கு வாங்கும் வழியை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் நாங்கள் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டோம். அமெரிக்காவில் தொண்டு அமைப்புகள் முன்னாள் வீரர்களுக்கு நாயை இலவசமாகவே தருகின்றன. செலவை ஊர் மக்கள் நன்கொடையாகத் திரட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு நாயைப் பழக்கி முடிக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செலவு 20,000 டாலருக்கு மேல் போகிறது. நம் பணத்தில் அது பதினாறு லட்சம் ரூபாயைத் தாண்டும். பெரிய அமைப்புகளில்கூடப் பயிற்சியைத் தொடங்கும் குட்டிகளில் கணிசமானவை தேறுவதில்லை. தேறாதவற்றின் செலவும் தேறியவற்றின் தலையில்தான் விழுகிறது. அந்த நாயை இங்கே வரவழைப்பது நமக்கு எட்டாது என்று தெரிந்ததும், ஒரு பெருநகரப் பயிற்சியாளரிடமிருந்து சான்றிதழோடு ஒரு லேப்ரடாரை வாங்கினோம். பார்க்க நல்ல நாய். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது. கை கொடுக்கச் சொன்னால் கொடுத்தது. அது வந்த இரண்டாம் வாரம் தீபாவளி. முதல் சரவெடி வெடித்ததும் அந்த நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. நாயைப் பெற்ற தோழர் தன் நோயை மறந்து, நாயைத் தேற்றுவதற்காகக் கட்டிலுக்கடியில் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அந்த ஒரு இரவு இருவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் ஊரிடம் பணம் வாங்கியது அதற்காக அல்ல. அந்த நாய் இப்போது பணகுடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நன்றாக இருக்கிறது. கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. நன்கொடை தந்தவர்களுக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. அதை எழுதிய நாளின் வெட்கமும் என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த நாய் கெட்டிக்காரத்தனத்தில் குறைந்ததல்ல. ஆனால் அதைப் பழக்கியவருக்கு, நாய் யாரோடு, எந்த வீட்டில், எந்தச் சத்தங்களுக்கு நடுவே வாழப்போகிறது என்பது தெரியாது. பணம் இருமடங்கானாலும் இந்தக் குறை தீராது என்பதே இந்த வழியைக் குறித்து என் முடிவான கருத்து.

வாரம் ஒருமுறை நாயோடு சென்று பார்த்துவரும் ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, முதியோர் இல்லங்களுக்கும் பிள்ளைகளின் வார்டுக்கும் அது பொருந்தும். நம்மவர்களின் தொல்லை நள்ளிரவு இரண்டு மணிக்கு வருவது. அப்போது அந்த நாய் வேறொரு வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கருத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது, அதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு உதவி நாயும் மற்றவர்களுக்குத் துணை நாயும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த ஆய்வின் முதல் முயற்சியே 2012இல், நாய்கள் குழந்தைகளைக் கடித்ததாலும் அவற்றின் உடல்நலக் குறைபாடுகளாலும் நிறுத்தப்பட்டது. பின்பு விதிகளை இறுக்கி மீண்டும் தொடங்கினார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனில் இரண்டு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயின் அறிகுறிகள் மட்டும் உதவி நாய் பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாய் பெற்ற 81 பேரையும் நாய்க்குக் காத்திருந்த 75 பேரையும் மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டு, நாய் பெற்றவர்களிடம் நோய் தெளிவாகக் குறைந்திருப்பதைக் கண்டது. அந்த இரண்டாம் ஆய்வில் நாய் இல்லாதவர்களோடுதான் ஒப்பீடு நடந்தது, துணை நாய் உள்ளவர்களோடு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், எந்த நல்ல நாயும் ஓரளவு உதவுகிறது, பழக்கிய நாய் அதைவிடச் சற்று அதிகமாக உதவுகிறது என்பதற்கு மேல் நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்தச் 'சற்று' என்பது பதினாறு லட்சத்துக்குப் பெறுமா என்று கேட்டால், பெறாது என்றே சொல்வேன்.

சிகிச்சையைப் பற்றியும் மூன்றாவது கருத்தினர் சொல்வது சரியே. நாய் மருந்துக்கு மாற்று அல்ல. நடந்ததை மருத்துவரின் துணையோடு மெல்ல மெல்லப் பேசிக் கடக்கும் உளச்சிகிச்சையும், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும்தான் இந்த நோய்க்கு முதல் மருந்து. ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2003 முதல் நடைமுறையில் உள்ள முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் வழியாகப் போகலாம். வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர் 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்காத ஒருவருக்கு நாயை மட்டும் கொடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கள் தோழர்களில் பலர் மருத்துவரிடம் ஒருமுறை போய்விட்டு மறுமுறை போகாதவர்கள். பேச உட்கார வைப்பதே பெரும்பாடு. அங்கேதான் நான்காவது வழி மூன்றாவதைவிட ஒரு படி முன்னே நிற்கிறது.

நாயைப் பழக்குவது என்பதே ஒரு மருந்தாகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பி.டி.எஸ்.டி. உள்ள முன்னாள் வீரர்கள் தாங்களே நாய்களைப் பழக்கும் திட்டத்தைச் சோதனை முறையில் ஐந்தாண்டுக்கு நடத்தச் சொன்னது. நியூயார்க்கில் 1997இல் தொடங்கிய ஓர் அமைப்பு, சிறைவாசிகளைக் கொண்டே குட்டிகளைப் பழக்கி முன்னாள் வீரர்களுக்கும் கொடுத்துவருகிறது. (பாளையங்கோட்டை மத்திய சிறையின் மதிலைக் கடக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. அது இன்றைய முடிவுக்குரியது அல்ல.) காலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டும், நாயை வெளியே கொண்டுபோக வேண்டும், குரலை உயர்த்தாமல் கட்டளை இட வேண்டும், எதிர்ப்படும் ஆளிடம் இரண்டு வார்த்தை பேசி நிற்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தவருக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஆளைத் தெருவுக்கு அழைத்துவரும் வேலையைப் பழக்கும் காலத்திலேயே நாய் செய்யத் தொடங்கிவிடுகிறது.

எந்தக் குட்டி என்பதில் எங்கள் குழுவில் காரசாரமான பேச்சு நடந்தது. கன்னி, சிப்பிப்பாறை, இராஜபாளையம் என்று நம் மண்ணின் நாய்களைவிட்டு வேறு எதைத் தேடுவது என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். 2005ஆம் ஆண்டு அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராஜபாளையத்தின் மேல் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும் கன்னியும் சிப்பிப்பாறையும் முயலைத் துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. வயலில் ஏதேனும் அசைந்தால் காற்றாய்ப் பறந்துவிடும். இராஜபாளையம் காவலுக்கானது, அறியாத ஆளை நம்பாது. வருகிறவரையெல்லாம் ஐயத்தோடு பார்க்கும் நோயுள்ளவருக்கு, அவரைப் போலவே ஐயத்தோடு பார்க்கும் நாய் துணையாக அமைந்தால் அந்த ஐயம் உறுதிப்படுமே தவிரக் குறையாது. லேப்ரடாருக்குச் சுபாவம் பொருந்தும், பங்குனி வெயில் பொருந்தாது; நடையை விடியலுக்கும் இருட்டுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். என் எண்ணம், இனத்தைப் பார்க்காமல் குட்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான். நாட்டு நாய்க்குட்டியாகவும் இருக்கலாம். ஏழெட்டு வாரக் குட்டியின் முதுகுப்புறம் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும். திடுக்கிடாத குட்டி கிடையாது. திடுக்கிட்ட பிறகு என்ன செய்கிறது என்பதே கேள்வி. ஓடி ஒளிந்து வர மறுக்கும் குட்டி வேண்டாம். ஓடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்து தட்டை முகர்ந்து பார்க்கும் குட்டிதான் வேண்டும். அந்த லேப்ரடாரை வாங்கும் முன் ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்திருந்தால் ஊர்ப் பணம் மிஞ்சியிருக்கும்.

கனவிலிருந்து எழுப்பப் பழக்கும் முறையை ஒரு பயிற்சியாளர் எங்களுக்குச் செய்து காட்டினார். பகலில் கட்டிலில் படுத்துக்கொண்டு கால்களை மெல்ல உதைத்து, தொண்டையில் முனகலை எழுப்ப வேண்டும். நாய் என்னவென்று பார்க்க வந்து மூக்கால் கையைத் தொட்ட கணத்தில், மறு கையிலிருக்கும் வேகவைத்த ஈரல் துண்டைக் கொடுக்க வேண்டும். தொடாமல் நின்றால் ஒன்றும் தரக் கூடாது. நாளுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் சற்று மெல்லிய அசைவு. வாரங்கள் செல்லச் செல்ல ஈரலை எதிர்பார்த்து வந்த நாய் அந்த அசைவையே அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. இதைச் செய்ய வேண்டியவர் நோயுற்றவரேதான். நாய் படிப்பது அவருடைய அசைவை, அவருடைய முனகலை.

இந்த வழியிலும் இடர்கள் உண்டு, மறைப்பதற்கில்லை. முதலாவது தெருநாய்கள். கயிற்றில் பிடித்துச் செல்லும் நாயைக் கண்டால் எங்கள் தெருமுனைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. ஒரு நல்ல கடி வாங்கினால் இரண்டாண்டுப் பழக்கம் ஒரே நாளில் கெட்டுவிடும். நடக்கும் தெருக்களைத் தேர்ந்து, அந்தத் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட மாநகராட்சியிடம் முறையிடுவதையும் திட்டத்தின் பகுதியாகவே வைக்க வேண்டும். அடுத்தது உண்ணிக் காய்ச்சல். மாதம் தவறாமல் உண்ணி மருந்து வேண்டும். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு; குட்டியைத் தேர்வதிலிருந்தே அவர்களுடைய அறிவுரையை நாட வேண்டும். பட்டாளத்தாரில் பலர் வங்கியிலும் ஏ.டி.எம்.மிலும் காவல் பணியில் இருக்கிறார்கள். அங்கே நாய் உடன் போக முடியாது. இரவுப் பணியில் இருப்பவருக்கு நாய் பயன்படாது என்பதை முன்னமே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு. நாயை வாசலைத் தாண்டி உள்ளே விடாத வழக்கம் இங்கே எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. வீட்டின் முன்பகுதியான தார்சாவில் கட்டிவைத்த நாய் உள்ளறையில் கனவு காண்பவரை எழுப்ப முடியாது. வீட்டின் வழக்கத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. அந்த வீட்டுக்கு நாய் தராமல், சிகிச்சைக்கு உதவுவதுதான் மரியாதை. நாய்க்குச் சோறு வடிப்பதும் மயிர் பெருக்குவதும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழும். அவருடைய சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், கணவரின் எதிரில் அல்ல.

இனிப் பணம். இந்த வழிக்கு எந்தப் பணம் பொருந்தும் என்று பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. பெரும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முன்னாள் படைவீரர் நலன் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது, கேட்பதில் தவறில்லை. ஆனால் அதைப் பெற அரசிடம் அதற்கெனப் பதிவு செய்த அமைப்பு வேண்டும், அந்தப் பணம் ஓராண்டு வந்து மறு ஆண்டு நின்றும் போகலாம். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் தரும் பணத்தை வெளிநாட்டு நன்கொடை என்று அஞ்ச வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் வங்கி வழியாகத் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் வரும். அனுமதி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வருமான வரிச் சலுகை கேட்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது என்பதையும், சலுகைக்கு உரிய பதிவு பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் அது கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாயோ எட்டாண்டு, பத்தாண்டு உழைக்கும் உயிர். ஒரே விழாவில் குவியும் பணம் அதை வாங்கிவிடும், வளர்க்காது. நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்கள் இங்கே உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்துத் திருச்சபைக்குக் கொடுத்த வீடுகள் உண்டு. கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காத ஊர் ஏது? நூறு வீடு மாதம் நூறு ரூபாய் தந்தால் மாதம் பத்தாயிரம், பத்தாண்டில் பன்னிரண்டு லட்சம். அமெரிக்காவில் ஒரு நாய்க்கு ஆகும் செலவைவிட அது குறைவு. தீவனம், தடுப்பூசி, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து ஒரு நாய்க்கு மாதம் நாலாயிரம் என்று வைத்திருக்கிறேன். இரண்டு நாய்க்கு எட்டாயிரம், மீதி இரண்டாயிரம் எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு. பயிற்சியாளருக்கான முதல் இரண்டாண்டுக் கூலியை மட்டும் நிறுவன நிதியிலிருந்தோ பெருந்தொகை நன்கொடையிலிருந்தோ எடுக்கலாம். ஒருமுறை வரும் பணம் ஒருமுறைச் செலவுக்கே போகட்டும்.

பணம் கேட்கும் முறையிலும் ஒரு வரம்பு வேண்டும். நோயுற்றவரின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு நெல்லை வண்ணாரப்பேட்டையில் நிறுத்தினால் வசூல் விரைவாக வரும் என்று ஒரு யோசனை வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் படத்தையும் விவரத்தையும் அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதைத் தடுக்கிறது. சட்டத்தைவிட நடப்பு கடுமையானது: மனநோய் என்று ஊருக்குத் தெரிந்த மறுநாளே காவல் வேலையும் போகும், துப்பாக்கி உரிமமும் போகும், மகளுக்கு வந்த வரனும் திரும்பிப் போகும். ஆகையால் படம் வேண்டாம், பெயர் வேண்டாம். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலோடு போவோம். எத்தனை நாய், எவ்வளவு செலவு என்ற கணக்கை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையில் எழுதிவைப்போம்.

எனவே என் வாக்கு நான்காவது வழிக்கு: முதலாண்டில் இரண்டு குட்டிகள் மட்டும், மருத்துவரின் கவனிப்பில் இருப்பவர்களுக்கு மட்டும். குட்டி உதவி நாயாகத் தேறாவிட்டால் அதைப் பறிக்காமல் துணை நாயாக அந்த வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். மாத உதவியும் தொடர வேண்டும். மூன்றாவது கருத்தினர் கேட்பது அப்படியும் நிறைவேறிவிடும். வீட்டுக்காரர் காலமானால் நாய் யாரிடம் போகும் என்பதைக் குட்டியைக் கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவரின் வீட்டுக்குப் போன வாரம் போனேன். நாய் எங்கே படுக்கும் என்று மதினியிடம் தனியாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு, அந்த இடத்தில் ஒரு சாக்கை மடித்து விரித்திருந்தார்.